ஒரே நாய், பல எஜமானர்கள்: எச்.எம்.வி.யும் விக்டரும் உலகைப் பங்கு போட்ட கதை

பழைய இசைத்தட்டு தேடி வாங்குகிறவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. கொல்கத்தாவில் அச்சான எச்.எம்.வி. தட்டில் கிராமஃபோன் குழலுக்கு முன்னால் ஒரு நாய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் அச்சான ஆர்.சி.ஏ. விக்டர் தட்டிலும் அதே நாய். ஜப்பானின் விக்டர் தட்டிலும் அதே நாய். 1930களின் ஜெர்மன் கிராமஃபோன் தட்டு கிடைத்தால் அதிலும் அதே நாய்தான், ஆனால் அந்தக் கம்பெனிக்கும் எச்.எம்.வி.யை நடத்திய லண்டன்காரர்களுக்கும் அப்போது ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதில் யாரும் யாரையும் காப்பியடிக்கவில்லை. அவரவர் நாட்டில் அவரவருக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் ஒரு கம்பெனியும் அமெரிக்காவில் ஒரு கம்பெனியும் செய்துகொண்ட பாகப்பிரிவினைதான் இதற்கெல்லாம் காரணம். பங்கு போட்டவர்கள் காணாமல் போன பிறகும் போட்ட எல்லை அப்படியே நிற்கிறது.

## முதலில் மூன்று அடிப்படை விஷயங்கள்

1. லேபிள் வேறு, கம்பெனி வேறு. எச்.எம்.வி. என்பது தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தில் உள்ள பெயர், அதாவது வணிகச் சின்னம். அதன் பின்னால் இருந்த கம்பெனியின் பெயர் கிராமஃபோன் கம்பெனி, லண்டன். ஒரே கம்பெனி பத்து லேபிள் வைத்திருக்கலாம், ஒரே லேபிள் பெயர் வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு கம்பெனிகளிடம் இருக்கலாம்.

2. வணிகச் சின்னம் நாடு நாடாகப் பதிவாவது. லண்டனில் பதிவு செய்தால் டோக்கியோவில் செல்லாது. அங்கே யார் முதலில் பதிந்தாரோ, அல்லது யாருக்கு அது எழுதிக் கொடுக்கப்பட்டதோ, அவருடையது.

3. உண்மையான சொத்து மேட்ரிக்ஸ். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டு கம்பெனிகளையும் அரை நூற்றாண்டு கட்டிப்போட்டது நாய் அல்ல, இதுதான். பாடகர் குழலுக்குள் பாடுவார், ஊசி மெழுகுத் தட்டில் பள்ளம் கீறும். அந்த மெழுகின் மேல் மின்சாரம் கடத்தும் பூச்சு ஒன்றைத் தடவி, மின்முலாம் போடுவதுபோல் தாமிரத்தைப் படியவைத்து உரித்தெடுத்தால், பள்ளமெல்லாம் மேடாக ஒரு உலோக அச்சு கிடைக்கும், அதுதான் மேட்ரிக்ஸ். அதிலிருந்து இன்னொரு உலோகப் பிரதி, அந்தப் பிரதியிலிருந்து தட்டு அழுத்துவதற்கான அச்சுகள் என்று எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். சூடாக்கிக் குழைத்த அரக்குக் கலவையில் அந்த அச்சை வைத்து அழுத்தினால் இசைத்தட்டு ரெடி. ஆக, மிலானில் பாடியதை நியூ ஜெர்சியில் விற்க பாடகர் கப்பலேற வேண்டாம், உலோகத் தகடு கப்பலேறினால் போதும்.

## அமெரிக்க யந்திரம், லண்டன் கடை, ஜெர்மன் அச்சு

எமில் பெர்லினர் ஹனோவரில் 1851இல் பிறந்து 1870இல் அமெரிக்காவுக்குப் போனவர். எடிசனின் உருளைக்குப் போட்டியாகத் தட்டையான தட்டில் ஒலியைப் பதியும் கிராமஃபோனுக்கு 1887இல் காப்புரிமை பெற்றார். ஆரம்பத்தில் அது கையால் சுற்றும் யந்திரம், சுற்றும் வேகம் மாறினால் பாட்டும் ஏறி இறங்கும். நியூ ஜெர்சியின் கேம்டனில் சின்ன யந்திரப் பட்டறை வைத்திருந்த எல்ட்ரிட்ஜ் ஜான்சன் அதற்கு ஸ்பிரிங் மோட்டார் செய்துகொடுத்த பிறகுதான் வீட்டில் வைத்துக் கேட்கக்கூடிய பொருளாக ஆனது. இந்த ஜான்சனை மறந்துவிடாதீர்கள், கதையின் மறுபாதி இவருடையது.

ஐரோப்பாவில் விற்பதற்காக வில்லியம் பேரி ஓவன் என்பவர் 1897இல் லண்டனுக்கு வந்தார். ட்ரெவர் வில்லியம்ஸ் என்ற வழக்கறிஞர் முதலீடு திரட்ட, 1898இல் கிராமஃபோன் கம்பெனி பிறந்தது. ஒலிப்பதிவுக்கு வாஷிங்டன்காரரான ஃபிரெட் கெய்ஸ்பர்க் வந்து சேர்ந்தார், மெய்டன் லேன் என்ற தெருவில் ஸ்டூடியோ. தட்டு அச்சடிக்க பெர்லினரின் சொந்த ஊரான ஹனோவரில் அவருடைய சகோதரர் ஜோசப்பின் தொலைபேசித் தொழிற்சாலை கைகொடுத்தது. அப்படி 1898 டிசம்பரில் உருவானதுதான் இன்றைக்கு மஞ்சள் லேபிளால் அறியப்படும் டாய்ச்ச கிராமஃபோன்.

ஆக, 'பிரிட்டிஷ் கம்பெனி' என்று நாம் சொல்வதில் பிரிட்டிஷ் ஆனது முதலீடும் கடையும்தான். யந்திரத்தின் பாகங்கள் கேம்டனிலிருந்தும் தட்டு ஹனோவரிலிருந்தும் வந்தன. அந்தத் தட்டுக்கான அரக்கோ பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்து போனது.

## நாய் வந்தது இப்படி

நிப்பர் 1884இல் பிறந்து 1895இல் செத்துப்போன, கலப்பு ஜாதி டெரியர். ஓவியர் ஃபிரான்சிஸ் பராட் தன் அண்ணன் இறந்த பிறகு அதை வளர்த்தார். நாய் போனபின் நினைவிலிருந்து அவர் வரைந்த படத்தில் இருந்தது கிராமஃபோனே அல்ல, உருளை வைத்த ஃபோனோகிராஃப். வாங்க ஆள் கிடைக்கவில்லை. கறுப்புக் குழலுக்குப் பதில் பளபளப்பான பித்தளைக் குழலாக வரைந்தால் எடுபடும் என்று நினைத்து, மாதிரிக்கு ஒரு குழல் இரவல் கேட்க 1899இல் மெய்டன் லேனுக்குப் போனார். யந்திரத்தையே மாற்றி எங்கள் கிராமஃபோனை வரைந்தால் நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்றார் ஓவன். படத்துக்கு 50 பவுண்டு, அதன் உரிமைக்கு இன்னொரு 50 பவுண்டு. அசல் ஓவியத்தில் சரியான கோணத்தில் வெளிச்சம் விழுந்தால், மேல்பூச்சுக்கு அடியில் பழைய ஃபோனோகிராஃபின் உருவம் இன்றைக்கும் தெரியும். (நாய் உட்கார்ந்திருப்பது எஜமானரின் சவப்பெட்டி மேல் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைக்கு ஆதாரம் கிடையாது.)

1900இல் பெர்லினர் இந்தப் படத்தின் உரிமையை அமெரிக்காவுக்குக் கேட்டு வாங்கி, ஜூலை 10 அன்று அங்கே தன் பெயரில் பதிவு செய்தார். கனடாவிலும் பதிந்தார். பிற்காலக் குழப்பம் முழுவதற்கும் விதை இங்கேதான் விழுந்தது: படம் ஒன்று, உடைமைக்காரர் இரண்டு.

## தாய் முடங்கியது, தம்பி எழுந்தார்

அதே சமயம் பெர்லினருக்கு அமெரிக்காவில் இடி விழுந்தது. அவருடைய விற்பனை முகவர் ஃபிராங்க் சீமன் எதிராளிகளோடு கைகோத்து ஜோனோஃபோன் என்ற போட்டி யந்திரத்தைக் கொண்டுவந்தார். வழக்கு மேல் வழக்கு. 1900 ஜூனில் நீதிமன்றம் விதித்த தடையால் கிராமஃபோனைக் கண்டுபிடித்தவரே சொந்த நாட்டில் அதை விற்க முடியாத நிலை. அவர் கனடாவின் மாண்ட்ரியலுக்குக் கடையை மாற்றிக்கொண்டார்.

விற்க வழியில்லாத யந்திரங்களோடு பட்டறையில் மாட்டிக்கொண்ட ஜான்சன் தானே நேரடியாக விற்கத் தொடங்கினார். அவர் மேலும் சீமன் வழக்குப் போட்டார். வழக்கில் தப்பினாலும் 'கிராமஃபோன்' என்ற பெயரை ஜான்சன் கைவிட்டார். 1901 அக்டோபரில் விக்டர் டாக்கிங் மெஷின் கம்பெனி தொடங்கியது, பெர்லினரின் காப்புரிமைகளும் நாயும் அதனிடம் வந்து சேர்ந்தன.

லண்டன்காரர்களுக்கு நாய் மேல் அப்போது அவ்வளவு ஆர்வம் இல்லை. இறகு பேனாவால் தட்டில் எழுதும் தேவதை ஒன்றுதான் அவர்களுடைய சின்னம். விக்டர் 1902இலேயே தட்டு லேபிளில் நாயைப் போட்டுவிட்டது, படத்தை விலை கொடுத்து வாங்கிய லண்டன் 1909இல்தான் போட்டது. அதையும் முழு மனதாகப் பிடித்துக்கொள்ள வைத்தது 1910இன் ஒரு தீர்ப்பு. 'கிராமஃபோன்' என்பது பொதுச்சொல் ஆகிவிட்டது, அதைத் தனிச் சின்னமாகப் பதிய முடியாது என்று பிரிட்டிஷ் நீதிமன்றம் சொன்னது. கம்பெனிப் பெயரே ஊர்ச்சொத்தானபின் கையில் மிஞ்சிய ஆயுதம் நாயும் அதன் கீழே இருந்த 'ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்' என்ற வரியும். எச்.எம்.வி. என்ற பெயர் உலகப்புகழ் பெற்றது இந்தத் தோல்வியால்தான் என்பது என் கணிப்பு.

## 1907: உலகம் இரண்டாக

ஆரம்பம் முதலே ஒருவரை ஒருவர் நம்பியிருந்த இரு கம்பெனிகளும் 1907இல் எல்லையைத் தெளிவாக வகுத்துக்கொண்டன. சாராம்சம் இதுதான்:

1. விக்டருக்கு வட, தென் அமெரிக்கக் கண்டங்கள், கூடவே சீனா, ஜப்பான், பிலிப்பைன்ஸ்.
2. கிராமஃபோன் கம்பெனிக்கு ஐரோப்பா, ரஷ்யா, ஆப்பிரிக்கா, இந்தியா உட்பட பிரிட்டிஷ் சாம்ராஜ்யம். கனடா மட்டும் இதில் சேராது.
3. ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் விற்கக்கூடாது.
4. ஒருவர் பதிந்ததை இன்னொருவர் தன் எல்லையில், தன் லேபிளில் வெளியிடலாம். அதற்காக மேட்ரிக்ஸ் பரிமாற்றம்.

நாலாவதுதான் உயிர்நாடி. 1902இல் மிலானில் ஒரு ஹோட்டல் அறையில் கெய்ஸ்பர்க் இத்தாலிய ஓபரா பாடகர் என்ரிகோ கரூசோவின் பத்துப் பாடல்களை 100 பவுண்டுக்குப் பதிந்தார். பின்பு 1904இலிருந்து கரூசோ அமெரிக்காவில் விக்டருக்குப் பாடினார். ஐரோப்பாவில் அந்தப் பதிவுகள் லண்டன் கம்பெனியின் தட்டாக வந்தன. உயர்ந்த விலைக்குச் சிவப்பு லேபிள் என்ற யோசனை ரஷ்யக் கிளையில் தொடங்கி, லண்டன் வழியாகப் போய், 1903இல் விக்டரின் 'ரெட் சீல்' ஆனது. ஒலிப்பதிவு மட்டுமல்ல, வியாபார மூளையும் கப்பலேறியது.

கெய்ஸ்பர்க்கின் 1902 கீழைநாட்டுப் பயணத்தையும் இங்கே வைத்துப் பார்க்கலாம். நவம்பரில் கொல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பதிந்தார். மெழுகுத் தட்டுகள் ஹனோவர் போய், அரக்குத் தட்டாகி இந்தியாவுக்குத் திரும்பி வந்தன. பாட்டு முடிவில் "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" என்று அவர் அறிவிப்பது ஹனோவரில் இருப்பவர்களுக்குத் தட்டு யாருடையது என்று தெரிய வேண்டும் என்பதற்காக என்று சொல்வார்கள். அதே பயணத்தில் 1903இல் டோக்கியோவிலும் பதிந்தார், ஆனால் பங்கு பிரித்தபோது ஜப்பான் விக்டர் பக்கம் போய்விட்டது. இந்தியா லண்டனிடமே இருந்தது. 1908இல் கொல்கத்தாவின் சியால்தாவில் தட்டுத் தொழிற்சாலை, 1920களின் கடைசியில் டம்டம்.

## போரில் அறுந்த கை

1914இல் போர் மூண்டதும் ஹனோவர் எதிரி நாட்டு ஊர் ஆகிவிட்டது. ஜெர்மன் அரசு டாய்ச்ச கிராமஃபோனை எதிரிச் சொத்தாகப் பறிமுதல் செய்து, 1917இல் லைப்சிக்கின் பாலிஃபோன் கம்பெனிக்கு விற்றது. கம்பெனியோடு அங்கே கிடந்த மேட்ரிக்ஸுகளும் ஜெர்மனிக்கான நாயும் சேர்ந்து போயின.

விளைவு இரண்டு பக்கமும் தலைவலி. டாய்ச்ச கிராமஃபோன் ஜெர்மனிக்குள் நாயை வைத்துக்கொள்ளலாம், எல்லை தாண்டினால் முடியாது. அதனால் ஏற்றுமதிக்கு 1924இல் பாலிடோர் என்ற லேபிளை உண்டாக்கியது. லண்டனுக்கோ ஜெர்மனிக்குள் நாயைக் காட்ட வழியில்லை, அதனால் 1925இல் எலெக்ட்ரோலா என்ற புதுப் பெயரில் நுழைந்தது. 1949இல்தான் ஜெர்மன் நாய் எலெக்ட்ரோலாவுக்குக் கைமாறியது. நாயைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்ற டாய்ச்ச கிராமஃபோன் வரைந்துகொண்டதுதான் அந்தப் பிரபலமான மஞ்சள் சட்டமும் அதன் மேலுள்ள பூமாலையும்.

## யார் யாருக்கு முதலாளி?

ஐரோப்பியக் கம்பெனியும் அதன் வெளிநாட்டுக் கூட்டாளியும் என்றதும் ஒன்று தலைமையகம், மற்றது கிளை என்று நினைக்கத் தோன்றும். அப்படி இருந்ததே இல்லை. 1920இல் விக்டர் கிராமஃபோன் கம்பெனியின் சரிபாதியை வாங்கியது. 1929இல் விக்டரை ஆர்.சி.ஏ. என்ற ரேடியோ கம்பெனி விழுங்கியது, லண்டன் பங்கும் கூடவே போனது.

பக்கத்து வீட்டுக் கதை இதைவிட வேடிக்கை. போட்டியாளரான கொலம்பியாவின் லண்டன் கிளை, 1922இல் லூயிஸ் ஸ்டெர்லிங் தலைமையில் அமெரிக்கத் தாயிடமிருந்து பிரிந்தது. இரண்டே வருடத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கண்டுபிடித்த மைக்ரோஃபோன் ஒலிப்பதிவு வந்தது. அதன் உரிமம் அமெரிக்கக் கம்பெனிகளுக்குத்தான் என்றார்கள். ஸ்டெர்லிங் சளைக்கவில்லை, 1925இல் நொடித்துக் கிடந்த அமெரிக்கத் தாய்க் கம்பெனியையே விலைக்கு வாங்கி அதன் வழியாக உரிமம் பெற்றார்.

1931இல், பொருளாதார மந்தத்தில் தட்டு விற்பனை படுத்துவிட, கிராமஃபோன் கம்பெனியும் லண்டன் கொலம்பியாவும் இணைந்து இ.எம்.ஐ. ஆயின. இதில் ஒரு சட்டச் சிக்கல். விக்டரின் சொந்தக்காரரான ஆர்.சி.ஏ.வுக்கு இ.எம்.ஐ.யில் கணிசமான பங்கு. அமெரிக்க கொலம்பியாவும் இ.எம்.ஐ.க்குள் வந்தால் அமெரிக்காவின் இரண்டு பெரிய போட்டியாளர்களும் ஒரே கூரைக்குள். அதனால் அமெரிக்க கொலம்பியாவைக் கழற்றிவிட்டார்கள். ஆர்.சி.ஏ. தன் பங்கை 1935இல் விற்று வெளியேறியது, ஆனால் மேட்ரிக்ஸ் பரிமாற்றம் மட்டும் தொடர்ந்தது.

## 1957: ஒப்பந்தம் முடிந்தது, எல்லை முடியவில்லை

போருக்குப் பிறகு அமெரிக்கக் கம்பெனிகளுக்கு ஐரோப்பாவில் தரகர் தேவைப்படவில்லை. அமெரிக்க கொலம்பியா 1950களின் தொடக்கத்தில் இ.எம்.ஐ.யை விட்டு ஃபிலிப்ஸ் பக்கம் போனது. ஆர்.சி.ஏ.வும் 1957இல் உறவை முறித்து, பிரிட்டனில் டெக்கா என்ற தட்டுக் கம்பெனியோடு சேர்ந்துகொண்டது. எல்விஸ் பிரஸ்லியின் பிரிட்டிஷ் தட்டுகளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: 1956இல் வந்தவை எச்.எம்.வி. நாய் லேபிள், பிறகு வந்தவை ஆர்.சி.ஏ. லேபிள். பாடகரோ பாட்டோ மாறவில்லை, மேட்ரிக்ஸ் போகும் பாதை மாறிவிட்டது.

இ.எம்.ஐ. இதை எதிர்பார்த்துத்தான் 1955இல் அமெரிக்காவின் கேபிடல் கம்பெனியை வாங்கி வைத்தது. சொந்தமாக வாங்கிவிட்டால் சொன்னபடி கேட்கும் என்று நினைத்திருக்கலாம், கேட்கவில்லை. லண்டன் அனுப்பிய பீட்டில்ஸ் பாடல்களை கேபிடல் ஆரம்பத்தில் வேண்டாம் என்று ஒதுக்க, அவை சின்னச் சின்ன அமெரிக்க லேபிள்களில் வெளிவந்தன. 1963 டிசம்பர் கடைசியில்தான் கேபிடல் இறங்கி வந்தது.

நாய் மட்டும் பழைய எல்லைக்குள்ளேயே நின்றது. இ.எம்.ஐ. தன் சாஸ்திரிய இசைத் தட்டுகளை 1953இலிருந்து நேரடியாக அமெரிக்காவில் விற்க முனைந்தபோது, எச்.எம்.வி. லேபிளை அங்கே ஒட்ட முடியவில்லை, அந்த நாய் ஆர்.சி.ஏ.வுடையது. பரணில் கிடந்த பழைய தேவதையைத் தூசி தட்டி எடுத்து ஏஞ்சல் என்ற லேபிளைத் தொடங்கினார்கள். ஜப்பானிலும் அதே தேவதைதான்.

அப்புறம், டெக்காவுக்கும் இதே வியாதி. 1934இல் அமெரிக்காவில் தொடங்கிய டெக்கா பிறகு தனிக் கம்பெனியாகப் பிரிந்துவிட, பிரிட்டிஷ் டெக்கா அமெரிக்காவில் சொந்தப் பெயரில் விற்க முடியாமல் 'லண்டன்' என்ற லேபிளில் விற்றது.

## நம் ஊர்த் தட்டுகளில்

1960களின் தமிழ்ப் படப் பாடல் தட்டுகளை அடுக்கிப் பார்த்தால் எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன், ஏஞ்சல் என்று நான்கு லேபிள் வரும். நான்கும் போட்டிக் கம்பெனிகள் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. நான்கும் ஒரே கம்பெனிதான், இ.எம்.ஐ.யின் இந்தியக் கிளையான கிராமஃபோன் கம்பெனி ஆஃப் இந்தியா. கொலம்பியா 1931 இணைப்பில் வந்தது. ஓடியன் ஜெர்மன் லேபிள், 1930களில் சென்னையில் ஏ.வி. மெய்யப்பனின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் விற்றது அதைத்தான், அதுவும் கொலம்பியா வழியாக இ.எம்.ஐ.க்குள் வந்து சேர்ந்தது. ஏஞ்சல், மேலே சொன்ன தேவதை.

## இப்போது யாரிடம் என்ன

1. இந்தியா: கம்பெனி 1980களின் நடுவில் ஆர்.பி.ஜி. குழுமத்திடம் வந்து, 2000இல் சரிகம என்று பெயர் மாறியது. பழைய எச்.எம்.வி. இந்தியப் பதிவுகள் அதனிடம்.
2. பிரிட்டன்: எச்.எம்.வி. என்ற பெயர் இப்போது இசைக் கடைகளின் பெயர், 2019இல் ஒரு கனடா நிறுவனம் வாங்கியது. 2012இல் இ.எம்.ஐ.யை யுனிவர்சல் வாங்க, அதன் சாஸ்திரிய இசைப் பதிவுகள் 2013இல் வார்னருக்குப் போயின.
3. அமெரிக்கா: விக்டரின் பதிவுகள் சோனியிடம். ஆக கரூசோவின் மிலான் பதிவுகள் வார்னரிடமும் அமெரிக்கப் பதிவுகள் சோனியிடமும் இருக்கின்றன, 1907இன் கோடு இன்னும் அழியவில்லை.
4. ஜப்பான்: 1927இல் விக்டர் தொடங்கிய கிளை, பிறகு தனியாகப் பிரிந்து ஜே.வி.சி. ஆனது. நாய் அங்கே அவர்களுடையது.

பழைய தட்டு கையில் கிடைத்தால் லேபிளை நம்பாமல், லேபிளை ஒட்டிய வழவழப்பான உள்வட்டத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். மேட்ரிக்ஸ் எண் அங்கேதான் இருக்கும். வளையத்துக்குள் வி.இ. என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால், அது 1925க்குப் பிறகு மைக்ரோஃபோன் வைத்து விக்டர் அமெரிக்காவில் செய்த பதிவு, லேபிளில் எச்.எம்.வி. என்று இருந்தாலும் சரி. ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் விக்டருக்காகப் பாடியவை அப்படித்தான் டம்டம்மில் அச்சாகி எச்.எம்.வி. நாயோடு இந்தியாவில் விற்றன. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இன்றைக்கு நல்ல விலை கொடுத்துத் தேடுவது அந்த இந்திய அச்சுகளைத்தான்.